உடைத்தவன் யாரோ, கொடுப்பவன் யாரோ?

சென்ற தீபாவளி முடிந்த நான்காம் நாள். மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தால் பள்ளிவாசல் வாசலில் நகராட்சி மேஸ்திரி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கூடவே பூங்காவை ஒட்டிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர்.

"ஹஜ்ரத், கொஞ்சம் வந்து பாருங்க, உங்க பிள்ளைக செஞ்ச வேலையை" என்றார் அண்ணாச்சி. குரலில் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

போய்ப் பார்த்தேன். பூங்காவின் பெண்கள் கழிப்பறை. பீங்கான் தொட்டி சில்லுச் சில்லாகக் கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டி சுவரிலிருந்து பிய்ந்து தொங்குகிறது. கதவின் கீழ்ப்பாதி இல்லை. சுவரெல்லாம் கரி. உள்ளே அணுகுண்டு வெடியைக் கட்டுக் கட்டாக வைத்துத் திரி கிள்ளியிருக்கிறார்கள். நம் பகுதியில் அணுகுண்டுக்கா பஞ்சம்? பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கும் வீடு தெருவுக்குப் பத்து இருக்கிறது. தீபாவளி கழிந்தால் மிச்சம் மீதி எல்லாப் பையன்களின் சட்டைப் பையிலும் இருக்கும்.

அதோடு போகவில்லை. ஊஞ்சல் ஒன்றில் சங்கிலியைக் காணோம். குடிதண்ணீர்க் குழாயில் பித்தளைத் திருகு இல்லை. விளக்குக் கம்பத்தில் விளக்கு இல்லை. நகராட்சிப் பொறியாளர் பிரிவில் போட்ட கணக்கு 38,000 ரூபாய்.

சம்பந்தப்பட்ட பையன்கள் மூன்று பேர். இருவர் நமது மஹல்லா. ஒருவன் அடுத்த தெரு, தாய் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள், அவர்கள் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆனால் ஊர் வாயில் மூன்றாமவன் பெயர் இல்லை. "உங்க பிள்ளைக" என்ற சொல்லில் அவன் சேரவில்லை. அந்தச் சொல் என்னைச் சுட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. சுட்டாலும், உடைந்தது உடைந்ததுதானே! நம் பெண்களும் போகிற கழிப்பறைதானே அது?

இஷாவுக்குப் பிறகு ஜமாஅத் கூடியது. நமது கூட்டங்கள் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் எழுந்தார், "அது நகராட்சிச் சொத்து, அவன் பாடு, நமக்கு என்ன?" என்றார். இரண்டாமவர், "பேர் கெட்டுப் போயிடும், ஜமாஅத் நிதியிலிருந்து 38,000 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துட்டு வாயை மூடுங்க" என்றார். மூன்றாமவர் சிங்கப்பூரில் இருபது வருடம் இருந்து வந்தவர். "அங்கெல்லாம் இதுக்குப் பிரம்படி" என்றார். பொய்யில்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1994இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்கப் பையனுக்கு, கார்களுக்குப் பெயிண்ட் அடித்து நாசம் செய்ததற்காக, அமெரிக்க அதிபர் கிளிண்டனே தலையிட்டுக் கேட்டும் நான்கு பிரம்படி கொடுத்தார்கள். ஆறு அடியாக இருந்ததை நான்காகக் குறைத்ததுதான் அதிபருக்குக் காட்டிய மரியாதை! நான் அவரிடம் கேட்டேன்: "பாய், நாலு அடியில கழிப்பறை கட்டி முடிஞ்சிருமா?"

சகோதரர்களே, இந்த மூன்று பேச்சும் எல்லா ஊரிலும் பேசப்படுகிறவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பேச்சை எடுத்துக்கொள்வோம். நகராட்சிச் சொத்து என்றால் யார் சொத்து? நீங்கள் கட்டும் சொத்து வரி, கடை வாடகை, தொழில் வரி. இதிலிருந்துதான் பூங்காவுக்கு விளக்கு எரிகிறது. நிலம்கூட சும்மா வரவில்லை. பெரிய மனைப்பிரிவு போடும்போது 10 விழுக்காடு நிலத்தைப் பொது இடமாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த 10 விழுக்காட்டின் விலையையும் சேர்த்துத்தான் மனை விற்பவர் உங்களிடம் வாங்குகிறார். பூங்காவின் மண்ணுக்கும் நீங்கள்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் காசில் வாங்கியதை உங்கள் பிள்ளை உடைக்க, "அவன் பாடு" என்கிறீர்களே, யார் அந்த அவன்?

இரண்டாவது பேச்சுதான் ஆபத்தானது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் அதிகம் ஆபத்தானது.

ஜமாஅத் நிதியை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு பையன்கள் செய்த தவறு ஒரு சமுதாயத்தின் தவறாகப் பதிவாகும். ரசீதில் ஜமாஅத் பெயர் இருக்கும். அடுத்த வருடம் எவனோ குழாயைத் திருடினாலும் மேஸ்திரி நேரே பள்ளிவாசல் வாசலுக்கு வந்து நிற்பார். வெள்ளைக்காரன் காலத்தில் கலவரம் நடந்த ஊரில் கூடுதல் போலீசைக் கொண்டுவந்து நிறுத்தி, அந்தச் செலவை ஊர் மக்கள் தலையில் வரியாகப் போடும் வழக்கம் இருந்தது. செய்தவனும் கட்ட வேண்டும், செய்யாதவனும் கட்ட வேண்டும். அந்த வழக்கம் செத்துவிட்டது என்று நினைத்தோம். செத்துவிட்டதா?

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து உத்தரப் பிரதேசத்தில் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு, பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினீர்கள், பணம் கட்டுங்கள் என்று வீடு வீடாக நோட்டீஸ் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் படத்தையும் முகவரியையும் லக்னோவில் நடுத்தெருவில் பேனராக வைத்தார்கள். அதை அகற்றச் சொல்லி 2020 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைசியில் 2022 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்ட பிறகு, 274 நோட்டீஸ்களையும் அரசு திரும்பப் பெற்றது. வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் நீதிமன்றம் சொன்னது. அதே 2022இல் மத்தியப் பிரதேசம் கர்கோனில் கலவரச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு 12 வயதுச் சிறுவனுக்கு 2.9 லட்ச ரூபாய் நோட்டீஸ் போன செய்தியையும் நாம் படித்தோம்.

பொதுச் சொத்தை உடைத்தவனிடம் அதன் விலையை வாங்கக்கூடாதா? வாங்க வேண்டும்! 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நீதிபதி கே.டி. தாமஸ் குழு, பாலி நாரிமன் குழு ஆகியவற்றின் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, சேதத்தின் விலையைச் செய்தவரிடம் வாங்கலாம் என்றுதான் சொன்னது. ஆனால் அந்தச் சம்பவத்துக்கும் அந்த ஆளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நிறுவிய பிறகுதான் வாங்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் அநீதி. வடக்கே நம் மக்களிடம் கூட்டாக வசூலிக்காதே என்று மேடை போட்டுப் பேசுகிற நாம், இங்கே நாமாகவே போய்க் கூட்டாகக் கட்டினால், அந்த வசூலுக்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களாக ஆகமாட்டோமா?

இன்னொன்று. ஜமாஅத் நிதி என்பது என்ன நிதி? அதில் ஸகாத் இருந்தால், அதற்கு உரிய எட்டு வகையினரைக் குர்ஆன் குறிப்பிட்டுவிட்டது. பூங்காக் கழிப்பறை அதில் இல்லை. பள்ளிவாசல் கட்டவே ஸகாத் பணம் ஆகாது என்பதுதான் நான்கு மத்ஹபு இமாம்களின் பெரும்பான்மை நிலைப்பாடு. வக்ஃபு வருமானம் என்றால், வக்ஃபு செய்தவர் எதற்கு என்று எழுதி வைத்தாரோ அதற்குத்தான். முத்தவல்லிக்கு அதை மாற்ற உரிமை கிடையாது. ஆக, "தூக்கிக் கொடு" என்று சொன்ன பெரியவர் யார் பணத்தைத் தூக்கச் சொன்னார் என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது பேச்சு, போலீஸ். இளைஞர்களே, இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டிலிருந்து பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1994இல் தனியார் சொத்தையும் அதில் சேர்த்தார்கள். நூறு ரூபாய்க்குச் சேதம் வந்தாலே போதும், குறைந்தது ஓராண்டு, அதிகம் போனால் ஐந்தாண்டு சிறை. எளிதில் ஜாமீன் கிடைக்காத பிரிவு. தீயாலோ வெடியாலோ செய்தால் பத்தாண்டு வரை போகும். நீ விளையாட்டாகக் கிள்ளிப் போட்ட அணுகுண்டு, சட்டத்தின் கண்ணில் வெடிபொருள். நீ எந்த நோக்கத்தில் பற்ற வைத்தாய் என்று விளங்க வைப்பதற்குள் உன் வாலிபம் முடிந்துவிடும்.

அந்த மூவரில் இருவருக்கு வயது 16, 17. அவர்கள் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தக் குழுமம் சிறுவனைச் சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம், பின்னாளில் அது அவன் வேலைக்குத் தடையாகவும் நிற்காது. ஆனால் மூன்றாவது பையனுக்கு 19. நமது மஹல்லாப் பையன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்திலேயே இருக்கிறது. வளைகுடாவில் வேலைக்குச் சொல்லி வைத்து, முன்பணமும் கட்டியாயிற்று. அவனுடைய அத்தா, பழைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் பள்ளிவாசல் சுவரோரமாக நின்றார். அந்த நிற்பைப் பார்த்திருந்தால் சிங்கப்பூர்க்காரருக்கும் பிரம்பு ஞாபகம் வந்திருக்காது.

ஆடு மேய்ந்த வயல்

மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்பியா அத்தியாயத்தில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவரும் ஒரு வயல் வழக்கில் தீர்ப்புச் சொன்னதாக வருகிறது. விவரத்தை விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். ஒருவரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைச்சலில் புகுந்து மேய்ந்து அழித்துவிட்டன. சேதத்தின் மதிப்பு ஆடுகளின் மதிப்புக்குச் சமம் என்பதால் ஆடுகளை வயல்காரருக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள் தந்தை. மகனார் வேறு வழி சொன்னார்கள். ஆடுகள் தற்காலிகமாக வயல்காரரிடம் இருக்கட்டும், பாலும் உரோமமும் அவர் எடுத்துக்கொள்ளட்டும், ஆட்டுக்காரர் அந்த வயலில் இறங்கி உழைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும், வந்தபின் அவரவர் சொத்து அவரவருக்கு.

முதல் தீர்ப்பில் ஆட்டுக்காரர் பிழைப்பை இழக்கிறார். இரண்டாவதில் வயலும் திரும்புகிறது, ஆட்டுக்காரரும் பிழைக்கிறார். இறைவன் இந்த விளக்கத்தைச் சுலைமானுக்குக் கொடுத்ததாகச் சொல்கிறான், இருவரையும் புகழ்ந்தும் சொல்கிறான்.

நபித்தோழர் பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து நாசம் செய்த வழக்கும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு, இரவில் கால்நடையைக் கட்டி வைப்பது கால்நடைக்காரரின் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் கொடுத்தார்கள். பூங்காவுக்கும் இதை விடப் பொருத்தமான பிரிவினை எனக்குத் தெரியவில்லை. பகலில் பூங்காவைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நகராட்சி. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பார்க்க வேண்டியது பெற்றோர். (பிள்ளைகளை ஒட்டகத்தோடு ஒப்பிட்டதற்காகத் தாய்மார்கள் கோபிக்க வேண்டாம். ஒட்டகம் கோபிக்காமல் இருந்தால் சரி.)

சிறுவன் உடைத்தால் பாவம் எழுதப்படாது, ஆனால் உடைந்த பொருளின் ஈடு அவன் தலையில்தான் என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. 'சின்னப் பையன், விட்டுடுங்க' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

நாங்கள் செய்தது இதுதான். மூன்று குடும்பத்தையும் உட்கார வைத்தோம், அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் அம்மாவையும் சேர்த்து. அவர் தெருவின் பெரியவர்கள் இருவரும் வந்தார்கள். பையன்கள் கழிப்பறையை ஒப்புக்கொண்டார்கள். ஊஞ்சல் சங்கிலியும் குழாயும் தாங்கள் இல்லை என்றார்கள். நம்பினோம், ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே சங்கிலி இல்லை என்று அண்ணாச்சியே சொன்னார். பார்த்தீர்களா, அதையும் சேர்த்துத்தான் 38,000! கழிப்பறைக் கணக்கு மட்டும் தனியே போட்டால் 21,500. மிச்சம் 16,500 ரூபாய் யாரோ செய்ததும், துரு செய்ததும்.

நகராட்சி அதிகாரி ஒருவர் நல்ல மனிதர். ரொக்கமாக வாங்க முடியாது, விதி இடம் கொடுக்காது, எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள், எங்கள் பொறியாளர் மேற்பார்வையில் பழுது பார்த்துக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம், அனுமதி வந்தது. சாமான் செலவை மூன்று வீடும் மூன்று பங்காக, வாரச் சம்பளத்தில் தவணையாகக் கொடுத்தது. ஜமாஅத் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை, கடைக்காரரிடம் கடனுக்குச் சாமான் வாங்க நான் பொறுப்பு நின்றேன், அவ்வளவுதான். வேலைக்குக் கொத்தனாரும் பிளம்பரும் வந்தார்கள். சிமெண்ட் குழைத்ததும், சில்லை அள்ளியதும், சுவரைச் சுரண்டி வெள்ளையடித்ததும் பையன்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமை. பூங்காவுக்கு வந்த பெண்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்தப் பார்வையை விடப் பெரிய பிரம்பு சிங்கப்பூரில் கிடையாது.

புகார் கொடுக்கவில்லை என்று நகராட்சியும் முடித்துக்கொண்டது. இது குற்றவாளியைத் தப்ப வைக்கும் வேலை என்று ஒரு சகோதரர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஆளுக்குக் காயம் பட்டிருந்தால், வேண்டுமென்றே ஒருவரைக் குறிவைத்துச் செய்திருந்தால், இரண்டாம் முறை செய்திருந்தால், நான் குறுக்கே நிற்க மாட்டேன். மூவரிடமும் அதைச் சொல்லியே விட்டேன்.

கல்வெட்டு மட்டும் உடைவதில்லை

இப்போது நகராட்சியின் பக்கம் வருவோம். எங்கே போனாலும் பூங்காக்களில் ஒரு விசித்திரம் பார்த்திருக்கிறேன். சறுக்கு உடைந்திருக்கும், நாற்காலி உடைந்திருக்கும், திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல்வெட்டு மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். காரணம் இருக்கிறது. பூங்கா கட்ட மத்திய, மாநிலத் திட்டங்களில் பணம் வரும். டெண்டர் விடலாம், ரிப்பன் வெட்டலாம். பராமரிக்க நகராட்சியின் பொது நிதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த நிதியில் சம்பளமும் குப்பையும் தண்ணீரும் போக மிச்சம் என்ன? நட்டு கழன்ற ஊஞ்சலுக்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள்.

அதனால் துருப்பிடித்து அறுந்த சங்கிலியும், ஒரு மழைக்குப் பெயர்ந்த நடைபாதைக் கல்லும், 'சமூக விரோதிகள் சேதம்' என்ற ஒரே தலைப்பில் போய்ச் சேர்கின்றன. உடைத்தவன் என்று ஒருவன் கிடைத்துவிட்டால் மட்டமான வேலைக்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். நாம் கணக்கைப் பிரித்துக் கேட்காமல் இருந்திருந்தால் அந்த 16,500 ரூபாயும் மூன்று ஏழை வீடுகளின் தலையில் ஏறியிருக்கும்.

கேட்கத் தடையில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில், இந்தப் பூங்காவுக்குக் கடந்த மூன்று ஆண்டில் பராமரிப்புக்கு எவ்வளவு செலவு, எந்த ஒப்பந்தக்காரர், எத்தனை மாத உத்தரவாதம் என்று கேட்கலாம். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நகரங்களில் வார்டுக்கு வார்டு பகுதி சபா கூட்டம் என்று ஒன்று 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? கலியாண விருந்துக்கு எவ்வளவு பேர்! பகுதி சபாவுக்கு?

வியாபாரிகளே, உங்களுக்கு ஒன்று

உடைந்ததைச் சரி செய்வது உடைத்தவன் பொறுப்பு. உடையாமல் காப்பது யார் செலவு? நகராட்சியிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஆனால் எல்லாவற்றுக்கும் காத்திருந்தால் அதற்குள் புதிய கழிப்பறையும் போய்விடும்.

இதற்கு விருதுநகரை விடப் பெரிய பாடப் புத்தகம் எங்கே இருக்கிறது? நாடார் வியாபாரப் பெருமக்கள் மகமை என்று ஒன்று வைத்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரத்திலேயே ஒரு சிறு தொகை ஒதுங்கிவிடும். யாரும் யாரிடமும் கையேந்த வேண்டாம், நோட்டீஸ் அடித்து வசூலுக்கு அலைய வேண்டாம். அந்தப் பணத்தில் பேட்டை வந்தது, கிணறு வந்தது, கோயில் வந்தது, 1889இல் சத்திரிய வித்யாசாலாப் பள்ளிக்கூடம் வந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி போட்டுப் பள்ளியை நடத்தினார்கள். அங்கே சம்பளம் கட்டாமல் படித்த ஒரு பையன்தான் பின்னால் கு. காமராஜ் என்று நாடறிந்த முதலமைச்சரானார். ஒரு பிடி அரிசி என்ன செய்யும் என்று அன்று யாராவது ஏளனம் பேசியிருக்கக்கூடும்.

மகமை நமக்கு அந்நியமான சொல் அல்ல. நமது மண்டிக்காரர்களும் கடைக்காரர்களும் அந்தக் கணக்கைப் பார்த்தே வளர்ந்தவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பூங்காவைச் சுற்றி 120 கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்கு ஒரு நாளைக்கு 3 ரூபாய். ஒரு டீக்கு ஆகாது. மாதம் 10,800 ரூபாய். மாலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை ஒரு காவலாளியை நிறுத்தலாம், பட்டாசு ஆபீஸில் வேலை செய்ய முடியாமல் ஓய்ந்துபோன ஒரு பெரியவருக்குப் பிழைப்பும் ஆகும். பூங்கா நன்றாக இருந்தால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். வந்தவர்கள் உங்கள் கடையில் வாங்காமலா போவார்கள்?

இதை நான் கனவில் சொல்லவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் நடுவில், பெரிய நூலகத்துக்குப் பின்னால் பிரையன்ட் பார்க் என்று ஒரு பூங்கா. 1970களில் கஞ்சா விற்பவர்களின் கூடாரம், பெண்கள் பக்கத்தில் போக மாட்டார்கள். 1988இல் மூடிப் பழுது பார்த்து 1992இல் முழுதாகத் திறந்தார்கள். சுற்றியுள்ள கட்டடக்காரர்களும் வியாபாரிகளும் மாநகராட்சியின் ஒப்புதலோடு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்து நடத்துகிறார்கள். அங்கே நாற்காலிகளைச் சங்கிலி போட்டுக் கட்டவில்லை. யார் வேண்டுமானாலும் தூக்கிப் போட்டு உட்காரலாம். பொதுக் கழிப்பறையில் தினமும் பூ வைக்கிறார்கள்! நமது மகமையைத்தான் அவன் ஆங்கிலத்தில் செய்திருக்கிறான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மகமை வைத்துவிட்டோம் என்று நகராட்சியைக் கழற்றிவிடக் கூடாது. 'நமக்கு நாமே' திட்டம் 1997இல் வந்தபோதும், இடையில் பெயர் மாறி 2021இல் மீண்டும் வந்தபோதும், மக்கள் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு போடும் என்பதுதான் ஏற்பாடு. எல்லாப் பங்கையும் மக்களே போட வேண்டும் என்பதல்ல. விளக்கும் தண்ணீரும் சுத்தமும் நகராட்சி. காவலாளி மகமை. பூங்கா வாசலில் ஒரு பலகையில் மாதா மாதம் வரவு செலவை எழுதிப் போட வேண்டும். எழுதாத கணக்கு எந்த ஜமாஅத்தில் சண்டையில் முடியாமல் இருந்திருக்கிறது?

கேமரா வைக்கலாமே என்கிறார்கள். வையுங்கள். ஆனால் கேமராவையே கழற்றிக்கொண்டு போன இடங்களை நானே பார்த்திருக்கிறேன். முதலில் விளக்கு. பித்தளைத் திருகுக்குப் பதில் பிளாஸ்டிக் திருகு, திருடி என்ன செய்வான்? ஊஞ்சல் நட்டுகளை முறுக்கியபின் வெல்டிங் வைத்துவிட்டால் ஸ்பேனர் வேலை செய்யாது. சிமெண்ட் பெஞ்சு. இவையெல்லாம் ஒரு லேத்துப் பட்டறைக்காரர் எனக்குச் சொல்லிக் கொடுத்த யோசனைகள், அரபி மதரஸாவில் ஓதியது அல்ல.

கடைசியாக, சொல்லக் கசப்பான ஒன்று. அந்த ஊஞ்சல் சங்கிலி எங்கே போயிருக்கும்? ஆகாயத்துக்கா போனது? எடைக்குத்தான் போயிருக்கும். காயலாங்கடை நடத்துபவர்களில் நமது சகோதரர்களும் இருக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் ஒருவன் பித்தளைக் குழாயும் வெட்டிய சங்கிலியும் கொண்டுவந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தராசு பிடிக்கும் கைக்குத் தெரியாதா? திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது சட்டத்தில் தனிக் குற்றம். தெரிந்தே வாங்கிய லாபத்தில் ஸகாத் கொடுத்தால் அது சுத்தமாகிவிடும் என்று எந்த ஆலிமும் சொல்ல மாட்டார். ஒரு சகோதரரிடம் இதை நேரிலேயே பேசினேன். முதலில் முகம் கடுத்தது. பிறகு, "ஹஜ்ரத், நான் வாங்கலேன்னா அடுத்த கடைக்காரன் வாங்குவான்" என்றார். அப்படியானால் எல்லாக் கடைக்காரர்களும் சேர்ந்து உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. இதுவரை இரண்டு முறை தேதி வைத்துத் தள்ளிப்போய்விட்டது. மூன்றாம் தேதியும் வைப்பேன்.

பெண்கள் கழிப்பறை இப்போது திறந்திருக்கிறது. பூட்டும் சாவியும் அண்ணாச்சி கடையில் இருக்கிறது, காலையில் அவர் திறக்கிறார், இரவு அந்த 16 வயதுப் பையன் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறான். அவனாகவே கேட்டு வாங்கிய வேலை. பாஸ்போர்ட்காரப் பையன் போன மாதம் புறப்பட்டுப் போய்விட்டான், கடைசித் தவணை 1,200 ரூபாயை அங்கிருந்து அனுப்பினான்.

உள்ளே விளக்கு இன்னும் இல்லை. ஊஞ்சலும் ஒற்றைச் சங்கிலியில்தான் தொங்குகிறது, குழந்தைகள் ஏறாதபடி கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் மனு எழுதி 64 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் பெண்கள். அடுத்த பகுதி சபா அறிவிப்பு வந்ததும் ஜும்ஆவில் சொல்கிறேன். பூங்காவைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள் அன்று அரை மணி நேரம் கல்லாவை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வாருங்கள்.